ஆர்எக்ஸ் 100 ஃபோர்க் கசிவு: என் அனுபவம்

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் 1996-க்குப் பிறகு தயாரிப்பே இல்லாத வண்டி என்பதால், துருப்பிடித்த வலது ஃபோர்க் பைப்புக்கு (முன்சக்கர ஷாக் அப்சார்பரின் குழாய்) பதில் சந்தையில் கிடைத்த மாற்றுப் பைப்பைத்தான் போட்டேன். இரண்டே நாளில் ஆயில் கசிவு. நிறுத்தி வைத்தால் காய்ந்திருக்கும், ஓட்டினால் மட்டும் ஈரம்.

ஆயில் வெளியேறாமல் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை இரண்டு முறை மாற்றினேன். ஆயில் அதிகமோ என்று வடித்து, அளந்து ஊற்றினேன். பயனில்லை. ஒரு வாரம் வீணானது.

அப்புறம் பைப்பைக் கழற்றி நகத்தால் தடவினேன். மேலிருந்து கீழே வழவழப்பு. ஆனால் பைப்பைச் சுற்றித் தடவும்போது நகம் லேசாகத் தட்டியது! மெருகேற்றிய கீறல்கள் நெடுக்குவாட்டில் ஓடின. ஒழுங்காகக் கிரைண்டிங் (சாணைக்கல்லால் தேய்த்து அளவாக்குதல்) செய்த பைப்பில் அவை சுற்றுவாட்டில்தான் இருக்கும். நெடுக்குக் கீறல், சீலின் உதட்டுக்கு (பைப்பைத் தொடும் விளிம்பு) அடியில் ஆயிலுக்கு வாய்க்கால் வெட்டியது போல. மைக்ரோமீட்டர் வைத்தேன். ஒரே இடத்தில் கால்சுற்றுத் திருப்பி அளந்தால் 0.06 மி.மீ. வித்தியாசம், பைப் வட்டமாகவே இல்லை.

தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரிஜினல் பைப்பில் வளைவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழைய குரோமை நீக்கி, ஹார்டு குரோம் (கடினமான குரோமியப் பூச்சு) ஏற்றி, இடது பைப்பின் அளவுக்கே கிரைண்டிங் செய்யச் சொன்னேன். புது சீலோடு மாட்டி 600 கி.மீ. ஓட்டியாயிற்று. சொட்டு ஈரம் இல்லை, நிம்மதி.