பெரிய மின்கட்டமைப்பைப் பகுதி பகுதியாகக் கணிக்கும் முறை: தொடக்கநிலைச் செய்முறை

மின்கட்டமைப்பின் ஒவ்வொரு பஸ்ஸிலும் (மின்பாதைகள் சந்திக்கும் இணைப்புப் புள்ளி) மின்னழுத்தமும் அதன் கோணமும் (மின்னழுத்த அலை மற்ற இடங்களைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ உள்ளது என்பது) தெரிந்துவிட்டால், எந்த மின்பாதையில் எவ்வளவு மின்திறன் பாய்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பிழை கலந்த அளவீடுகளிலிருந்து இவற்றைக் கண்டறிவதே நிலை மதிப்பீடு. மின்பொறியாளர் ஃபிரெட் ஷ்வெப்பே 1970-இல் இதற்கு அடித்தளமிட்டார். பெரிய இணைப்புகளில் எல்லா அளவீடுகளையும் ஒரே மையத்தில் குவிப்பதைவிட, ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் மதிப்பிட்டு எல்லை விவரங்களை மட்டும் பரிமாறிக்கொள்வது நல்லது. எல்லைக்கு அப்பால் நடப்பது தெரியாமற்போவது எவ்வளவு ஆபத்தானது என்பதை, வட அமெரிக்காவில் சுமார் 5 கோடி பேரைப் பாதித்த 2003 ஆகஸ்ட் 14 மின்தடை காட்டியது. அன்று ஒரு மேற்பார்வை மையத்தின் மதிப்பீடு சரியாக இயங்காததற்கு, செயலிழந்த சில பாதைகளின் உண்மை நிலை அதன் மாதிரிக்கு எட்டாததும் ஒரு காரணம்.

படி 1: கட்டமைப்பைப் பிரியுங்கள். 1, 2, 3 என வரிசையாக இணைந்த மூன்று பஸ்களை எடுத்துக்கொள்வோம். 1–2 பாதை (ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, 0.1) அ பகுதிக்கும், 2–3 பாதை (0.2) ஆ பகுதிக்கும் உரியவை, பஸ் 2 பொது எல்லை. மின்திறனும் ரியாக்டன்ஸும் பெர் யூனிட்டில் (ஓர் அடிப்படை அளவின் விகிதமாக), கோணங்கள் ரேடியனில் உள்ளன.

படி 2: நேரத்தை ஒத்திசையுங்கள். பஸ் 1-இன் கோணத்தை 0 எனக் கொண்டால், பஸ் 3-இல் உள்ள ஃபேசர் அளவீட்டுக் கருவி (மின்னழுத்தத்தின் அளவையும் கோணத்தையும் நேரத்தோடு அளப்பது) −0.112 எனக் காட்டுகிறது. இரு இடங்களின் கடிகாரங்களும் ஜிபிஎஸ் நேரத்தைப் பின்பற்றினால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 50 ஹெர்ட்ஸில் 1 மில்லிநொடி பிசகினாலே 18 டிகிரி, அதாவது 0.314 ரேடியன் பிழையாகிவிடும். நாம் அளக்கும் கோணமே அதில் மூழ்கிப்போகும்.

படி 3: தனித்தனியே மதிப்பிடுங்கள். ஒரு பாதையின் இரு முனைகளின் கோண வேறுபாடு, தோராயமாக, அதன் பாய்வை ரியாக்டன்ஸால் பெருக்கினால் கிடைப்பது. அ பகுதியில் 1–2 பாதையின் பாய்வு 0.50, எனவே பஸ் 2-இன் கோணம் −0.050. ஆ பகுதியில் 2–3 பாதையின் பாய்வு 0.30, எனவே அதே கோணம் −0.112 + 0.06 = −0.052.

படி 4: எடையிட்டு இணையுங்கள். இரு பாய்வு அளவீடுகளின் திட்ட விலக்கமும் (பிழை வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பதன் அளவு) 0.01 என்றால், ரியாக்டன்ஸால் பெருக்க, கோணத்தில் அது அ பகுதிக்கு 0.001, ஆ பகுதிக்கு 0.002. எடை இதன் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால் 4:1 ஆகிறது. பொது மதிப்பு −0.0504. வெறும் சராசரி எடுத்தால் நம்பகமான அளவீட்டுக்கு அநீதி செய்தவர்களாவோம். ஆகவே கோணத்தை அனுப்பும்போது அதன் விலக்கத்தையும் நேரமுத்திரையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். எல்லைகள் பல உள்ள பெரிய கட்டமைப்பில், மதிப்புகள் மாறாமல் நிலைக்கும்வரை இந்தப் பரிமாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 5: தவறான அளவீட்டைத் தேடுங்கள். ஆ பகுதியின் பாய்வை 0.40 என மாற்றிப் பாருங்கள். இரு மதிப்புகளின் வேறுபாடு 0.018 ஆகிறது; எதிர்பார்க்கத்தக்க விலக்கமான சுமார் 0.0022-ஐப் (0.001, 0.002 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) போல் இது எட்டு மடங்கு. பிழை இருப்பது உறுதி, ஆனால் யாருடையது என்பதை இவ்விரண்டு எண்களைக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது. பஸ் 2-இன் சுமை 0.20 என்ற மூன்றாவது அளவீட்டைச் சேர்த்தால், 0.50 − 0.20 = 0.30 எனக் கிடைத்து, ஆ பகுதியின் பாய்வு அளவீடே பிசகியது என்று தெரிந்துவிடும்.