சேரன்மகாதேவி வருவதற்குள் வாந்தி

3 வயது மகளோடு பாபநாசம் கிளம்பினால் சேரன்மகாதேவி வருவதற்குள் காரில் வாந்தி எடுத்துவிடுவாள். நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படியே பாழ். மலைப்பாதை வளைவு என்றால் சரி, இது கிட்டத்தட்ட நேரான ரோடு. ஆச்சி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார், கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு கூட்டிப்போனோம், இன்னும் மோசம். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கியும் பார்த்தாச்சு.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அரசு பேருந்தில் அம்பாசமுத்திரம் போனபோதெல்லாம் அவள் ஒருமுறைகூட வாந்தி எடுத்ததில்லை, என் மடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலையும் வாழைத்தோட்டத்தையும் பார்த்துக்கொண்டே வருவாள். காரில் அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். முன்சீட்டின் முதுகும், வெயிலுக்காக நாங்களே ஒட்டிய கறுப்பு வலையும்தான் தெரிந்தன. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி ஓடுகிறது என்கிறது, கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல்.

வலையைக் கழற்றினோம். குழந்தை சீட்டை நடுவில், முன்கண்ணாடி வழியே ரோடு தெரியும்படி பெல்ட் போட்டு மாட்டினோம். கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் ஒரே ஒரு இட்லி. வலை இல்லாததால் வெயில் ஏறுமுன் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறோம்.

போன ஞாயிறு வீரவநல்லூர் தாண்டியதும் "அம்மா, மலை நம்ம கூடவே வருது" என்றாள். அப்பாடா என்றிருந்தது. அகத்தியர் அருவி வரை சட்டை மாற்றவேயில்லை.