கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு மனசப் பத்தி எப்படி சொல்லிக்குடுக்கலாம்?

அஞ்சாப்பு ஆறாப்பு எடுக்குற டீச்சர்மாருக்காக இத எழுதுறேன், உசிலம்பட்டி மேலூர் பக்கம் கிராமத்து ஸ்கூலா இருந்தாலும் சரி மதுர டவுனுக்குள்ளன்னாலும் சரி, வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்குனா போதும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஹெச்.எம்.கிட்ட பேசி வச்சுக்கங்க, ஏதாவது பிள்ள பெரிய விஷயத்த சொல்லிருச்சுன்னா என்ன பண்றதுன்னு. "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் வாக்கு குடுத்துறாதீங்க. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும், மறைச்சா நம்ம மேலயே கேஸ் வரும். "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்"னு சொல்லுங்க.

ஸ்டெப் 1: ஒடம்புல இருந்து ஆரம்பிங்க. "ஒனக்கு கவலையா"ன்னு கேட்டா எல்லாம் "இல்ல டீச்சர்"னுதான் சொல்லும். அதுக்கு பதிலா தரையில சாக்பீஸால ஒரு ஆள் வரைஞ்சு, பயம் வந்தா எங்க தெரியுது, கோவம் வந்தா எங்க தெரியுதுன்னு பிள்ளைங்களையே தொட்டுக் காட்டச் சொல்லுங்க. பரீட்சை அன்னைக்கு வயித்தக் கலக்குறது, அழகர் ஆத்துல எறங்குறப்ப கூட்டத்துல அப்பா கைய விட்டுட்டா தொண்டைய அடைக்கிறது, இப்படி ரெண்டு எடுத்து விட்டீங்கன்னா அப்புறம் ஒங்களால அடக்க முடியாது. பயம் வந்தா ஓடுறதுக்கு ஒடம்பு ரெடியாகுது, அதான் நெஞ்சு படபடங்குது, அது வியாதி இல்லன்னு அங்கயே சொல்லிருங்க. நடுவுல எவனாவது "லூசு, ஏர்வாடிக்கு அனுப்புங்க டீச்சர்"ம்பான், சிரிச்சுட்டு கடந்து போகாம நிறுத்துங்க. 2001ல ஏர்வாடியில மனசு சரியில்லன்னு சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க தீயில ஓட முடியாம 28 பேரு செத்துப்போனாங்க, இத அஞ்சாப்பு ஆறாப்பு பிள்ளைங்ககிட்ட சொல்ல வேணாம், எட்டாப்புக்கு மேல உள்ளவங்களுக்கு சொல்லலாம்.

ஸ்டெப் 2: மூச்சு. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி பைய விடணும், விடுற மூச்சு நீளமானா நெஞ்சுத்துடிப்பு கொறையும். அழுதுக்கிட்டு இருக்கப்ப சொன்னா கடுப்புதான் ஆவாங்க, நல்லா இருக்கப்பவே பழக்கிருங்க.

ஸ்டெப் 3: டப்பா. மனசுல உள்ளத எழுதிப் போடுறதுக்கு பழைய செருப்பு டப்பாவுல ஓட்ட போட்டு வைங்க. எல்லாரும் சீட்டு போட்டே ஆகணும், சொல்ல ஒண்ணுமில்லாதவங்க காலையில என்ன சாப்ட்டோம்னு எழுதிப் போடட்டும், அப்பத்தான் யாரு மனசுல உள்ளத எழுதுறான்னு பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. கிளாஸ்ல வாசிக்கவே கூடாது, ஆனா கடைசி பெல் அடிக்கிறதுக்குள்ள நீங்க படிச்சிரணும், சில பிள்ளைங்கள அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஸ்டெப் 4: ரெண்டு வாரமா ஒரு பிள்ள சாப்பிடல, வெளாடல, ஒதுங்கியே ஒக்காந்திருக்குன்னா பெத்தவங்களக் கூப்பிடுங்க. சாவப் பத்திப் பேசுச்சுன்னா அன்னைக்கே, தனியா விடாதீங்க. ஆனா சீட்டுல இருக்கது வீட்டு ஆளையே பத்தின்னா அவங்களக் கூப்பிடாம பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு அடிங்க. மத்தபடி "பிள்ளைக்கு மனநோய்"னு ஆரம்பிக்காம கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க, பெரியாஸ்பத்திரியில மனநலத்துக்கு தனி ஓ.பி. இருக்குன்னும் சொல்லுங்க, அதுவும் தயங்குனாங்கன்னா அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மனாஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது, ஒங்க போன்லயே போட்டுக் குடுங்க.