பொய்ச்செய்தியின் முதல் இடத்தைத் தேடுங்கள்
உளவு அமைப்பு கிளப்பிவிடும் பொய்யைப் பிடிக்க, அது முதலில் எங்கே வெளியானது என்று பாருங்கள். 1983 ஜூலையில் டெல்லி 'பேட்ரியட்' நாளிதழில், எய்ட்ஸ் கிருமி அமெரிக்க ராணுவத்தின் தயாரிப்பு என்று பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. 1985-இல் சோவியத் வார இதழ் ஒன்று அதையே ஆதாரமாகக் காட்டியது. இரண்டுக்கும் பின்னால் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி. கடிதம் சொன்ன ஃபோர்ட் டெட்ரிக் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் என்னவோ நிஜம். அதனால் ஒரு விவரம் சரியாக இருக்கிறதே என்று முழுவதையும் நம்பிவிடாதீர்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு செய்திக்கு ஆதாரமாகப் பத்து இணைப்புகள் இருந்தால், ஒவ்வொன்றும் யாரை மேற்கோள் காட்டுகிறது என்று பின்னோக்கிப் போங்கள். எல்லாம் ஒரே இடத்தில் முட்டினால் ஆதாரம் ஒன்றுதான். அங்கே எழுதியவர் பெயரும் இல்லையென்றால் பகிராதீர்கள்.