மலிவு விலையில் பாலிஷிங் மெஷின்: வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

போர்வெல் தண்ணீர் காய்ந்து படிந்த வெள்ளைக் கறையும், காலையில் தூசியோடு சேர்த்துக் காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த சிலந்தி வலைக் கீறல்களும் இல்லாத கறுப்புக் கார் நம் ஊரில் அபூர்வம். அதைத் தாமே சரிசெய்து பார்க்கலாம் என்று பலர் இறங்குகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் மெஷினை வாங்கிய பிறகே கேட்க வருகிறார்கள். "நல்ல தள்ளுபடியில் கிடைத்தது அண்ணா" என்று பெட்டியைத் திறந்து காட்டும்போது என்ன சொல்வது? இந்தத் தொழிலில் நான் நுழைந்த காலத்தில் செய்த அதே கூத்துகள், வரிசை மாறாமல், ஒவ்வொரு புதியவரிடமும் திரும்ப நடக்கின்றன.

காரைக் கழுவிவிட்டுத் தொடங்கு, வெயிலில் நிறுத்தித் தேய்க்காதே என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிரைண்டரைப் பாலிஷிங் மெஷின் ஆக்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் குறையாத தவறு இது.

வீடு கட்டியபோது வாங்கிய நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. டைல்ஸ் அறுத்தது, கம்பி வெட்டியது. அதற்கு ஒரு அடாப்டரும் கம்பளி பேடும் சேர்த்தால் சில நூறு ரூபாயில் பாலிஷிங் மெஷின் தயார் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அந்த அடாப்டரைக் கடையில் கேட்டால் எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், விற்கிறவருக்குமா தெரியாது?

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஓர் இளைஞர் கருநீல நிறச் சிறிய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். பானெட்டின் நடுவே ஓடும் மேடான மடிப்பில், விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. "எவ்வளவு தேய்த்தாலும் இந்தக் கறை போகவில்லை" என்றார். அது கறை அல்ல, பிரைமர். நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் போய், அதன் கீழே இருந்த நீல நிறமும் போய், அடிப்பூச்சு தலைகாட்டிவிட்டது. அவர் அதன் மேல் மேலும் மேலும் காம்பவுண்ட், அதாவது கீறலை உரசி எடுக்கும் பசை, வைத்துத் தேய்த்திருக்கிறார். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் தகரத்தையே பார்த்திருப்பார். பானெட் முழுவதற்கும் மீண்டும் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. அடித்தாலும் பக்கத்து ஃபெண்டரோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமே. பெயின்டர் சொன்ன தொகையில் ஒரு நல்ல மெஷின் வாங்கியிருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். அதில் ஆறு அங்குல பேடு மாட்டினால் பேடின் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பெயின்டின் மேல் உரசுகிறது. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வகைப் பாலிஷிங் மெஷினில் நாங்கள் வழக்கமாக வைக்கும் 1,200 சுற்றில் அதே விளிம்பின் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். எதன் மேல் உரசுகிறது? பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் வரை மட்டுமே இருக்கும் கிளியர் கோட்டின் மேல். 50 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. மடிப்புகளிலும் ஓரங்களிலும் அதைவிட மெல்லியது. பிளாஸ்டிக் பம்பரோ சூட்டைத் தகரம் போலக் கடத்திவிடாது; ஒரே இடத்தில் தேங்கவிட்டுப் பெயின்டைக் கொப்பளிக்க வைத்துவிடும். போதாக்குறைக்கு, அந்தக் கம்பளி பேடு 11,000 சுற்றுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பேடு பொருந்த வேண்டும் என்று கிரைண்டரின் காவல் மூடியையும் கழற்றியிருப்பார்கள். பிய்ந்து பறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

"ஃபேன் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார்கள் கெட்டிக்காரர்கள். அந்த நீலக் கார்க்காரரும் அதைத்தான் செய்திருந்தார். வேகம் குறையும், கூடவே மோட்டாரின் வலுவும் குறையும். அழுத்தினால் இறங்கும், தூக்கினால் சீறும். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது என்பதால் அதுவும் மெதுவாகிவிடும். கொஞ்ச நேரத்தில் காயில் கருகும் வாடை வரும். வேகக் கட்டுப்பாடு உள்ள கிரைண்டர்கள் இருக்கின்றனவே என்றால், அவற்றில் பலவற்றின் மிகக் குறைந்த வேகமே 2,800 சுற்று அளவில் தொடங்குகிறது. ஒழுங்கான ரோட்டரி பாலிஷரின் டயல் ஏறத்தாழ முடிகிற இடம் அது.

எனவே பெட்டியில் "பாலிஷர்" என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். கிரைண்டர் உடலுக்கே வேறு பெயர் வைத்து விற்பதும் உண்டு. எல்லோரும் அதிகபட்ச வேகத்தைப் படிக்கிறார்கள். நீங்கள் குறைந்தபட்ச வேகத்தைப் படியுங்கள். ரோட்டரி என்றால் அது 600 முதல் 1,000 சுற்றுக்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணே போடாத மெஷினை வாங்காதீர்கள்.

எந்த மெஷினானாலும் வெள்ளை நிற பேடில் தொடங்குவது நல்லது. கிளியர் கோட் உள்ள காரில் பேடின் மேல் காரின் நிறம் ஒட்டத் தொடங்கினால், கிளியர் கோட் அங்கே இல்லை என்று பொருள். உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுக் கார்களில் நிறம் ஒட்டுவது இயல்பு; பயப்பட வேண்டாம். எந்த வகைக் கார் என்று தெரியாமல் மெஷினைத் தொடக் கூடாது. மறைவான ஓரிடத்தில் கையால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் மெஷினாகவே ரோட்டரி வாங்குவது

ரோட்டரி ஏறத்தாழ 2,500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. டூயல் ஆக்‌ஷன் என்றால் அதைப் போல இரண்டு மடங்காவது ஆகும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலர் ரோட்டரியை எடுக்கிறார்கள்.

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். எவ்வளவு அழுத்தினாலும் சுற்றும். டூயல் ஆக்‌ஷனில் பேடு தானும் சுற்றி, சிறு வட்டத்திலும் அலையும். அழுத்தம் அதிகமானாலோ ஓரத்தில் சாய்ந்தாலோ பேடு சுற்றுவது நின்றுபோகும், வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். புதியவர்கள் இதைக் குறை என்று புகார் சொல்கிறார்கள். அவர்களுடைய பெயின்டைக் காப்பாற்றுவதே அந்தக் குறைதான்.

கை பழகாமல் ரோட்டரி ஓட்டியதன் அடையாளம் வெயிலில் தெரியும்: காரின் மேல் ஒளி நெளிநெளியாக ஓடும். ஹோலோகிராம் என்போம். ஷெட்டுக்குள், அதுவும் காம்பவுண்டின் எண்ணெய்ப் பசை கீறலை நிரப்பியிருக்கும்போது, கண்ணாடி மாதிரி இருக்கும். சில முறை கழுவிய பிறகு எல்லாம் வெளியே வந்துவிடும். பழைய கார் விற்பனைக்கு நிற்கும் இடங்களில் மாலை வெயிலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள், நிறையப் பார்க்கலாம்.

டூயல் ஆக்‌ஷனில் அலையும் வட்டத்தின் அளவைத் 'த்ரோ' என்பார்கள். 8, 15, 21 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 8 மில்லிமீட்டர் வேலையை இழுத்தடிக்கும். 21 பெரிய, தட்டையான பரப்புகளுக்குச் சுகம். நம் சிறிய கார்களின் வளைவுகளில் அடிக்கடி நின்றுபோகும். 15 மில்லிமீட்டரும் பேடை ஒட்டும் ஐந்து அங்குலத் தட்டான பேக்கிங் பிளேட்டும் போதும். பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கோடு சுழல்வது தெரிந்தால் வேலை நடக்கிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

வாட்டைப் பார்த்து மயங்குவது

1,400 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பது மெஷின் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். பேடு பெயின்டில் பட்டதும் வேகம் விழாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. எடையையும் பாருங்கள். பானெட்டில் மெஷின் தானே படுத்துக்கொள்ளும். கதவில் அதை நீங்கள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டு கைப்பிடி வைத்த பத்து அங்குல மெழுகு மெஷின்

மெழுகு பூசலாம். கீறல் போகாது.

ட்ரில்லில் மாட்டும் பேடு

வேண்டாம்.

பணம் முழுவதையும் மெஷினிலேயே கொட்டுவது

கையில் எட்டாயிரம் இருந்தால் எட்டாயிரத்துக்கும் மெஷின் வாங்கிவிட்டு, கூட வந்த ஒரே பேடை வைத்து முழுக் காரையும் தேய்க்கிறார்கள். ஃபோம் பேடு காம்பவுண்டையும் பெயின்ட் துகளையும் குடித்துச் சூடேறிவிடும். ஒரு கார் முடிக்க, கீறல் எடுக்கக் கடின பேடு மூன்று நான்காவது, பளபளப்புக்கு மென்மையானது இரண்டாவது வேண்டும். காம்பவுண்ட் பட்ட பேடில் கடைசிப் பாலிஷ் போடக் கூடாது.

சூட்டில் பேக்கிங் பிளேட்டின் வெல்க்ரோ கொக்கிகளும் உருகும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேடு கழன்று போகும். அதே மெஷினுக்கு மாற்று பிளேட்டும், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பெயர் தெரியாத இறக்குமதி மெஷின்கள் இந்த இடத்தில்தான் கைவிடும். பத்து ரூபாய் பிரஷ் தேய்ந்துபோனதற்காக மெஷினையே பரணில் போட்டவர்கள் உண்டு.

சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ பாரிமுனைக்கோ நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. பிளக்கில் மாட்டி, டயலைக் குறைந்த எண்ணில் வைத்துச் சில நொடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெதுவாகத் தொடங்குகிறதா, ஒரேயடியாக உதறிக்கொண்டு கிளம்புகிறதா, கியர்ப் பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கையில் பிடித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்றால், அதே மெஷின் நான்கு கடை தள்ளியும் இருக்கும்.