ஜீனோடைப் தரவை உரைக்கோப்பாக எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் வட்டாரத்தில் பயிர் மரபியல் படிக்கும் மாணவர்கள் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஜீனோடைப் தரவை, அதாவது ஒவ்வொரு செடியின் டிஎன்ஏவிலும் எந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்ற பதிவை, சீர்செய்து, பிளிங்க் (PLINK) என்ற மரபியல் ஆய்வு மென்பொருள் படிக்கும் உரைக்கோப்பாக எழுதுகிறார்கள். மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வருவது போன்றவை உடனே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். பிழைச் செய்தியே காட்டாத தவறுகள்தான் ஆய்வைக் கெடுக்கின்றன.

எண்ணிய அல்லீல் எது?

டிஎன்ஏவின் ஓர் இடத்தில் ஏ, ஜி என்று மாறி வரும் வடிவங்களே அல்லீல்கள். ஒரு செடியில் ஓர் அல்லீல் எத்தனை பிரதி இருக்கிறது என்பதை 0, 1, 2 என்று எழுதும்போது 2 என்பது எந்த அல்லீலின் இரண்டு பிரதிகள்? பிளிங்க் 1.9 வழக்கமாக அந்தத் தரவில் குறைவாக உள்ள அல்லீலை எண்ணும். ஒரு பருவத்தில் ஜி 48 சதவீதம் இருந்தால் ஜி எண்ணப்படும்; அடுத்த பருவத்தில் அது 52 ஆனால் ஏ எண்ணப்படும். முதல் கோப்பின் 0, இரண்டாம் கோப்பில் 2 ஆகிவிடும்.

இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் வேலை செய்த மாணவி ஒருவர், இரண்டு பருவத் தரவை இணைத்ததும் முள்ளோடு தொடர்புடைய மார்க்கர்கள் (டிஎன்ஏவில் அடையாளமாகக் கொள்ளும் இடங்கள்) மறைந்துவிட்டதாகச் சொன்னார். தலைப்பு வரியைப் பார்த்தேன். மார்க்கர் பெயரை அடுத்து அடிக்கோடு போட்டு, எண்ணிய அல்லீலின் எழுத்தையும் பிளிங்க் சேர்த்து எழுதும். அது இல்லை. "பெயர்கள் பொருந்தவில்லை சார், அதனால் கடைசி எழுத்தை வெட்டிவிட்டேன்" என்றார். மென்பொருள் கொடுத்த ஒரே எச்சரிக்கை அந்த எழுத்துதான்! ஒரு பருவம் காட்டிய விளைவை மற்றது அடித்துவிட்டது. மாதங்கள் வீண். இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எந்த மார்க்கருக்கு எந்த அல்லீல் என்ற பட்டியலை முதலிலேயே தயாரித்து, எல்லாப் பருவத்துக்கும் அதையே கொடுங்கள்.

டி (T), ட்ரூ (TRUE) ஆவது

ஒரு நெடுவரிசை முழுக்க டி அல்லீலாக இருந்தால், ஆர் அதை உண்மை, பொய் மதிப்பாக எடுத்துக்கொண்டு ட்ரூ என்றே எழுதிவிடும். படிக்கும்போதே எல்லாம் எழுத்து வகை என்று சொல்லிவிடுங்கள்.

மாதிரிப் பெயரில் இடைவெளி

கூடவே கூடாது. 'இலவம்பாடி 3' இரண்டு நெடுவரிசையாகப் பிளந்துவிடும்.

விடுபட்ட மதிப்புக்கு 0

அல்லீல்களை அப்படியே எழுதும் பிளிங்கின் பெட் (.ped) கோப்பில் விடுபட்ட அல்லீலுக்கு 0 சரி. அதே பழக்கத்தில் 0, 1, 2 கோப்பிலும் வெற்றிடங்களை 0 கொண்டு நிரப்புகிறார்கள். அங்கே 0 என்பது உண்மையான ஜீனோடைப். தரம் கெட்ட டிஎன்ஏ மாதிரிகளெல்லாம் ஒரே ரகம்போலக் குவிந்து நிற்கும். அதைப் புதிய இனக்குழு என்று ஆய்வேட்டில் எழுதியவர்களும் உண்டு.