டிவியில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா?

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்ததும் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகத் தெரிந்தால், பிரைட்னஸைத் தொடாதீர்கள். டிவியின் பிக்சர் மெனுவில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்பதை மாற்றிப் பாருங்கள். சில டிவிகளில் அது 'வீடியோ ரேஞ்ச்' என்று இருக்கும்.

காரணம் இதுதான்: படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண்ணாகப் போகிறது. 8 பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235; கம்ப்யூட்டருக்கோ கறுப்பு 0, வெள்ளை 255. லேப்டாப் 16-ஐக் கறுப்பு என்று அனுப்ப, டிவி 0-வை எதிர்பார்த்தால் படம் வெளுக்கும். நேர்மாறானால் இன்னும் மோசம். இங்கே மொரீஷியஸில் தைப்பூசக் காவடி வீடியோவை வீட்டில் எல்லோரும் கூடிப் பெரிய திரையில் பார்ப்போமே, அதில் தலைமுடியும் கோயில் உள்மண்டபத்தில் நிற்பவர்களின் முகமும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். பிரைட்னஸைக் கூட்டினாலும் அந்த நுணுக்கம் சரியாகத் திரும்பாது. டிவி மெனுவில் இந்த வசதி இல்லையென்றால் லேப்டாப்பின் கிராபிக்ஸ் செட்டிங்கில் 'லிமிடெட்' (16–235), 'ஃபுல்' (0–255) என்று இருப்பதை மாற்றலாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

டிவியிலேயே உள்ள ஆப்பிலோ பென்டிரைவிலோ பார்க்கும் வீடியோவுக்கு இது உதவாது. டிகோடர் (செட்-டாப் பாக்ஸ்), டிவிடி பிளேயர் இணைத்த போர்ட்டில் 'ஆட்டோ' என்றே விட்டுவிடுங்கள். இருட்டில் மொபைலில் எடுத்த வீடியோ மங்கலாக இருந்தால், அதற்குக் காரணம் வேறு.